ஐம்பதால் வகுத்த சமையல்

பதிப்பகத்தில் கொடுத்த படிவத்தில் ஏழாவது கேள்விக்கு வந்ததும் அக்காவின் பேனா நின்றுவிட்டது. ‘இந்தப் புத்தகம் யாருக்கு?’ என்று கேட்டு, கீழே மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். முதல்முறை சமைப்பவர், ஓரளவு சமைக்கத் தெரிந்தவர், கைதேர்ந்தவர்.

“இதென்ன கேள்வி மேடம்? பசிக்கிறவங்களுக்கு” என்றாள் அக்கா.

எதிரே உட்கார்ந்திருந்த பதிப்பாசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசுதான், அக்காவின் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். “அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா. ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க.”

அக்கா யோசிக்கவே இல்லை. சூப் வைக்க என்ன பெரிய படிப்பு வேண்டிக் கிடக்கிறது? முதல் கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். பின்னால் வந்த அத்தனை வினைக்கும் அந்த ஒரு டிக்தான் காரணம்.

அக்கா வேலை பார்ப்பது பஸ் டெப்போ கேன்டீனில். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், வண்டி கழுவுகிறவர்கள், ஆபீஸ் ஆட்கள் என்று ஒரு வேளைக்கு இருநூறு தட்டு. இருபத்தாறு வருஷமாக அந்த அடுப்பு அவள் கையில்தான். அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்களுக்கும் அவள் அக்காதான். பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டு அவள் வைக்கிற கெட்டி சூப்புக்காக லீவு நாளில்கூட யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கை.

அடுத்த வருஷம் அவளுக்கு ஓய்வு. அது தெரிந்ததும் டெப்போவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. “நீங்க போயிட்டா எங்க நாக்குக்கு யாருக்கா பதில் சொல்றது? எழுதியாவது குடுத்துட்டுப் போங்க” என்று மூன்றாம் நம்பர் டிரைவர் பிடிவாதம் பிடித்தார். அக்காவும் ஒரு நோட்டில் நாற்பது சமையலை எழுதிக் கொடுத்தாள். அந்த மனிதர் சும்மா இருந்தாரா? தினமும் தன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டே போகிற மேடத்திடம் நோட்டை நீட்டிவிட்டார். மேடத்தின் பதிப்பகம், தனியாகக் குடித்தனம் வந்த பிள்ளைகளுக்காக ‘முதல் அடுப்பு’ என்று ஒரு புத்தக வரிசை போட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒன்றாக இதையும் போடலாம் என்றார் மேடம். ஒரே நிபந்தனை, எல்லாச் சமையலும் நாலு பேருக்கானதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டெப்போவில் யாருக்கும் தெரியாது, அக்காவும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. இருநூறு பேருக்குச் சமைத்துப் போட்டவள் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துப் பல வருஷமாகியிருந்தது.

மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது கேன்டீன் வேலைக்குப் போனவள். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. வீட்டுக்காரர் தையல்காரர், முன்னறையில்தான் மெஷின். பிள்ளையும் வீட்டில், அவரும் வீட்டில். ஒரு சின்னக் குண்டான், ஒரு வாணலி, இரண்டு கரண்டி, இவ்வளவுதான் அவர் சமையலறை. காரமும் இருக்காது, பெரிய மணமும் இருக்காது. மகள் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தாள். அக்கா மூன்று வேளையும் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவாள். லீவு நாளில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது, அந்த உடம்பு அவ்வளவு உழைத்தது.

போன வருஷம் மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் குடித்தனம் வைத்தார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். புது வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டபோது ஒரு அம்மாள், “அம்மா கை பக்குவமா?” என்று கேட்டாள். மகள் சிரித்துக்கொண்டே, “எங்க வீட்ல அப்பா கை பக்குவம்தான். எனக்கு அது வரவே மாட்டேங்குது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஊரே தன் சமையலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது, பெற்ற பிள்ளைக்கு அதன் ருசி தெரியாது. யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால்தான் புத்தகம் என்றதும் சரி என்றாள். பணம், பெயர் எல்லாம் அப்புறம். மகள் வீட்டு அடுப்பில் ஒரு நாளாவது அம்மா சமையல் வேகட்டும் என்பதுதான் அவள் ஆசை.

இருநூறு பேரை நாலு பேராக்க ஐம்பதால் வகுத்தால் போயிற்று. வீட்டுக்காரர் துணி வெட்டுகிற மேஜையில் நோட்டைப் பரப்பி, கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அக்கா வகுத்தாள். ஐம்பது லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டரானது. பத்துக் கிலோ பட்டாணி இருநூறு கிராமானது. ஐந்து கிலோ வெங்காயம் நூறு கிராம், அதாவது ஒரே ஒரு வெங்காயம். நேரத்துக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினாள். கேன்டீனில் வெங்காயம் சிவக்க நாற்பது நிமிஷம். அதை ஐம்பதால் வகுத்தால் ஒரு நிமிஷம்கூட வராது. ஒரு நிமிஷத்தில் எந்த வெங்காயம் சிவக்கிறது? வெங்காயத்துக்கு ஆள் கணக்கு தெரியாது, அது சிவக்கிற நேரத்தில்தான் சிவக்கும் என்று நாற்பதை நாற்பதாகவே விட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் பித்தான் தைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “பெரியவங்க சட்டையைப் பாதியாக்கினா பிள்ளை சட்டை வராது. உடம்பு குறையற அளவுக்குக் கழுத்து குறையாது. போட்டா தலை நுழையாது” என்றார்.

“துணியும் சாப்பாடும் ஒண்ணா? பேசாம பித்தானைத் தைங்க” என்றாள் அக்கா. மனிதர் பேசாமல் தைத்தார். அவர் அப்படித்தான், ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்ல மாட்டார்.

பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன், சமைத்துப் பழக்கமில்லாத ஒருவர் புத்தகத்திலிருந்து பத்துப் பக்கத்தைச் செய்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஆபீசில் அந்த வேலையைச் செய்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மேடத்துக்குச் சுடுதண்ணீர் வைக்கவே கை நடுங்கும், அதை அவரே சொன்னார். “உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா? சமையல்ல கொஞ்சம் மக்கா இருக்கணும்.”

“என் பொண்ணே இருக்காளே” என்றாள் அக்கா, வாயெல்லாம் பல்லாக.

பிடித்த பத்தைச் செய்யட்டும் என்று நாற்பது பக்கமும் மகளுக்குத் தபாலில் போயின. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதியம் ஃபோன் வரும். “அம்மா, இன்னிக்குப் பதினொண்ணாம் பக்கம் செஞ்சேன். சூப்பர்.” “அம்மா, இருபத்தி மூணாம் பக்கம். உன் மாப்பிள்ளை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.” அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெங்காயம் பொன்னிறமா வந்துச்சா, பட்டாணி வாயில் கரைஞ்சுதா, மூடி போட்டியா என்று ஒன்று விடாமல் கேட்பாள். பேச்சு அங்கிருந்து ஆபீஸ், மாமியார், இடுப்பு வலி என்று எங்கெங்கோ போகும். திங்கட்கிழமை காலையில் டெப்போ முழுக்க அந்தச் செய்தி பரிமாறப்படும். “என் பொண்ணுக்கு முட்டைகூட உடைக்கத் தெரியாது. அவளே என் புஸ்தகத்தைப் பார்த்துச் செஞ்சுட்டா.” கேட்டுக் கேட்டு டிரைவர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது.

மகள் பதிப்பகத்துக்கும் ஒரு பக்கத்துக்குப் பாராட்டி எழுதிப் போட்டாள். அட்டைப்படம் தயாரானது. ‘முதல்முறை சமைப்பவரும் தோற்காத நாற்பது சமையல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அக்காவின் பெயர். திங்கட்கிழமை அச்சு என்று மேடம் சொன்னார்.

சனிக்கிழமை அக்கா அரை நாள் லீவு போட்டாள். அட்டைப்படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு மகள் ஊருக்குப் பஸ் ஏறினாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் மகள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

முகம் நன்றாகத்தான் மலர்ந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அட்டைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மகள், “உக்காரும்மா, பால் இல்ல, கீழ கடையில வாங்கிட்டு வந்துடறேன்” என்று இறங்கினாள். அக்காவுக்கு உட்கார்ந்து பழக்கமா? டீக்குத் தண்ணீராவது வைக்கலாம் என்று சமையலறைக்குள் போனாள். அடுப்புக்கு மேலே ஆணியில், துணிக் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன அவள் அனுப்பிய பக்கங்கள். எண்ணெய் பட்டு, மஞ்சள் ஒட்டி, நன்றாகப் புழங்கிய தாள்கள். பார்த்ததும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஆசையாகக் கையில் எடுத்தாள்.

பக்கம் முழுக்கப் பென்சில்.

‘வெங்காயம் 40 நிமிஷம்’ என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் மகளின் கோழிக் கிறுக்கல்: ‘அப்பா: எட்டு நிமிஷம் போதும்.’ தண்ணீருக்குப் பக்கத்தில், ‘அப்பா: இன்னும் ரெண்டு டம்ளர்.’ அதற்குக் கீழே, ‘அப்பா: அணைச்சு மூடாதே. வேகற வரைக்கும் சின்னத் தீ.’ அடுத்த பக்கம் திருப்பினாள். அப்பா, அப்பா, அப்பா. செய்து பார்த்த பத்துப் பக்கத்தில் ஒன்பது பக்கம் அப்பாதான் பேசினார்.

அக்கா அப்படியே நின்றாள். மகள் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்து, அம்மா கையில் இருந்ததைப் பார்த்ததும் சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“இதுல நான் எழுதினபடி வந்தது எத்தனை?” என்று கேட்டாள் அக்கா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மகளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“ஒண்ணு.”

“எது?”

“எலுமிச்சை ஜூஸ்.”

இருநூறு பேர் வாயை ஆண்ட கைக்கு மிஞ்சியது எலுமிச்சை ஜூஸ். வேறொரு நாளாக இருந்தால் அக்காவே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“பின்ன ஏன் சூப்பர் சூப்பர்னு சொன்ன? நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறேன். உங்கப்பாவும் சேர்ந்துக்கிட்டு என்னை முட்டாளாக்கியிருக்கீங்க.”

“முதல் வாரம் சொல்லிடலாம்னுதாம்மா ஃபோன் பண்ணேன்.” மகள் பாலைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். “நீ அவ்வளவு சந்தோஷமா பேசின. அரை மணி நேரம் பேசின. நான் பொறந்ததுலேர்ந்து நீ என்கூட அரை மணி நேரம் உக்காந்து பேசினதே இல்லம்மா. அடி பிடிச்சிருச்சுன்னு சொன்னா, அது நின்னு போயிடும்னு நெனச்சேன்.”

அக்காவுக்கு வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பட்டாணி ஊற வெச்சிருக்கியா?”

“நாளைக்குன்னு வெச்சிருக்கேன்.”

“இருபத்தி மூணாம் பக்கத்தை இப்பச் செய். பென்சில்ல இருக்கறதைப் பார்க்காத, நான் எழுதினதை மட்டும் பார்த்துச் செய். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“அம்மா, வேணாம்மா.”

“செய் பாப்பா.”

மகள் செய்தாள். ஒற்றை வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் போட்டாள். ஏழு, எட்டு நிமிஷத்தில் அது அழகாகச் சிவந்தது. மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அக்கா கடிகாரத்தைக் காட்டினாள், இன்னும் முப்பத்திரண்டு நிமிஷம் இருக்கிறது. பதினைந்தாம் நிமிஷம் ஜன்னலைத் திறக்க வேண்டி வந்தது. இருபதாம் நிமிஷம் கதவையும் திறந்தார்கள். அக்கா இருமினாள், ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. கேன்டீனில் ஐந்து கிலோ வெங்காயத்தைப் படகுத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் அவள் கிண்டும்போது, அடியில் இருப்பது சிவக்கையில் மேலே இருப்பது பச்சையாக இருக்கும். அது முழுக்கச் சிவக்க நாற்பது நிமிஷம் வேண்டும். ஒற்றை வெங்காயத்துக்கு மேல் ஏது, கீழ் ஏது? இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒற்றை வெங்காயத்தை வதக்கியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கரியின் மேல் ஒரு லிட்டர் தண்ணீரும் பட்டாணியும் கிழங்கும் விழுந்தன. வாய் அகன்ற சின்னப் பாத்திரம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருந்தது. ‘அடுப்பை அணைத்து, மூடி, ஒரு மணி நேரம் வைக்கவும். பட்டாணி பூப்போல் வெந்திருக்கும்.’ மகள் அணைத்து மூடினாள். கேன்டீன் அண்டாவை இறக்க இரண்டு ஆள் வேண்டும். இறக்கி வைத்தாலும் சாயங்காலம் வரை உள்ளே கொதிப்பு அடங்காது. இந்தப் பாத்திரம் இருபது நிமிஷத்தில் கையில் எடுக்கிற சூட்டுக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது அடியில் கரி, மேலே கல்லு கல்லாகப் பட்டாணி.

இரண்டு கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட்டார்கள். கடக்கு கடக்கு என்று மெல்லுகிற சத்தம்தான் கேட்டது.

“இதையா அந்தப் பிள்ளைங்க முதல் நாள் அடுப்புல செஞ்சு பார்க்கும்?” என்றாள் அக்கா. “நமக்குச் சமையலே வராதுன்னு நெனச்சுக்குமே. அதுக்கப்புறம் அடுப்புப் பக்கமே வராதே.”

அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து மேடத்துக்கு ஃபோன் போட்டாள்.

“மேடம், அந்தப் புஸ்தகத்தை அச்சடிக்காதீங்க.”

“என்னம்மா சொல்றீங்க? திங்கட்கிழமை மெஷின்ல ஏறுது.”

“இறக்கிடுங்க. முதல்முறை சமைக்கிறவங்களுக்கு அது ஆகாது. யாருக்குமே ஆகாது.”

“உங்க பொண்ணு எழுதியிருக்காங்களே, எல்லாம் பிரமாதமா வந்துச்சுன்னு.”

“அவ என் பொண்ணு மேடம். அம்மா மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொன்னா. அது அவளுக்கு அழகு. அதை அச்சடிச்சா உங்களுக்கும் அழகில்ல, எனக்கும் அழகில்ல.”

மேடம் விடவில்லை. “வேணும்னா கட்டத்தை மாத்திடலாம்மா. கைதேர்ந்தவங்களுக்குன்னு போட்டுடலாமா?” என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

“கைதேர்ந்தவங்களுக்கு என் புஸ்தகம் எதுக்கு மேடம்? இருநூறு பேருக்குச் சமைக்கிறவங்களுக்குன்னு போட்டா உண்மையா இருக்கும். அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

“உங்களைத்தாம்மா தெரியும்” என்றார் மேடம். நாற்பதையும் வீட்டு அடுப்பில் செய்து பார்த்துத் திருத்தி அனுப்பினால் பார்க்கலாம், ஆனால் இந்த வருஷம் அந்த இடத்தில் வேறு புத்தகம் போய்விடும், அடுத்த வருஷத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அக்கா சரி என்றாள். மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “என்னாலதாம்மா எல்லாம்.” அக்கா அவள் தலையைத் தடவத்தான் நினைத்தாள். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். எழுந்திருக்கக் கூடாது, அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் எழுந்தாள். சில பேர் அப்படி.

வீட்டுக்குள் நுழையும்போது மெஷின் சத்தம் நின்றது. மகள் ஃபோனில் எல்லாம் சொல்லியிருந்தாள்.

“எனக்குத் தெரியாம நீங்க என் எழுத்தைத் திருத்தினீங்களா?” என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன்னை எதுக்கு நான் திருத்தறேன்? பிள்ளை அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, அப்பா பசிக்குதுன்னு ஃபோன் பண்ணுச்சு. சொன்னேன்.”

இருபத்தாறு வருஷமாக அந்தப் பிள்ளைக்குப் பசித்தபோதெல்லாம் பதில் சொன்னவர் அவர்தான். அக்கா கை கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள்.

அன்றிலிருந்து டெப்போ விட்டு வந்ததும் வீட்டு அடுப்புதான். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் உள்ளே வரக்கூடாது, வாயையும் திறக்கக்கூடாது, வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு உள்ளதைச் சொல்ல வேண்டும், இதுதான் ஒப்பந்தம். பாவம், உள்ளதைச் சொல்வதற்குள் மனிதருக்கு வியர்த்துவிடும். ஒரு நாள் கருகும், ஒரு நாள் வேகாது, ஒரு நாள் நாலு பேருக்கு என்று வைத்தது பத்துப் பேருக்கு வந்து நிற்கும். கை அவ்வளவு பெரிதாகப் பழகிவிட்டது, சின்னப் பாத்திரத்துக்குள் நிற்க மறுத்தது. இரண்டு வாரத்தில் நாற்பதில் ஆறு பக்கம்தான் தேறின. அதிலும் இரண்டு சுமார்தான்.

டெப்போவில் கேட்டார்கள். “என்னக்கா, புஸ்தகம் எப்ப வருது?” வராது, நான் தப்பா எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டாள். யாரும் நம்பவில்லை, பதிப்பகத்தான் ஏமாற்றிவிட்டான் என்று மூன்றாம் நம்பர் டிரைவர் சண்டைக்குக் கிளம்பினார். அவரைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதெல்லாம் அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது ஞாயிற்றுக்கிழமைதான். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் மதியம் ஃபோன் வரவில்லை. மகளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும், அவளாகவே பண்ணட்டும் என்று அக்கா காத்திருந்தாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை. தானே பண்ணலாம் என்று எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். சமையலைப் பற்றிப் பேசாமல் மகளிடம் எதைப் பேசுவது? அதைவிட்டால் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் சொன்ன மாதிரியே நின்று போயிற்று. புத்தகம் போனால் போகிறது, அரை மணி நேரமும் சேர்ந்து போயிற்றே என்று அன்று மதியம் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்காரர் மெஷினை வேகமாக மிதித்தார், கேட்காத மாதிரி இருக்கட்டும் என்று.

மூன்றாவது ஞாயிறு பதினொரு மணிக்கே ஃபோன் அடித்தது.

“அம்மா.” பின்னால் ஏதோ தளதளவென்று கொதிக்கிற சத்தம். “இதுவரைக்கும் செய்யாத முப்பத்தொண்ணாம் பக்கம் வெச்சிருக்கேன். கோழியும் முட்டைக்கோஸும். கோழி இன்னும் வேகல, கோஸு குழைஞ்சு கூழா போச்சு. தண்ணி வேற மேல நிக்குது. ரொம்ப மோசமா இருக்கும்மா. என்ன பண்ணட்டும்?”

அடுப்பில் ஏதாவது கெட்டுப்போனால் மகள் யாரைக் கேட்பாள் என்று அக்காவுக்குத் தெரியும். கை தன்னால் ஃபோனை முன்னறைப் பக்கம் நீட்டியது. “இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்.”

“அப்பா வேணாம். உன்னைத்தான் கேக்கறேன்.”

நீட்டிய கை அப்படியே நின்றது. வீட்டுக்காரர் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, தைத்து முடித்த ஒரு சட்டைக் கையை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா ஃபோனைத் திரும்பக் காதில் வைத்தாள். சூப்பர் என்று சொல்லாமல், மோசமாக இருக்கிறது என்று சொல்வதற்காக மகள் ஃபோன் பண்ணியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“எத்தனை பேருக்கு வெச்ச?”

“ரெண்டு பேருக்கு.”

“இருநூறு பேருக்குன்னா இப்பவே சொல்லிடுவேன்” என்றாள் அக்கா. “ரெண்டு பேருக்கு எனக்குத் தெரியல பாப்பா.”

“எனக்கும் தெரியலம்மா.”

“சரி, தீயைக் குறை. ஃபோனை வெச்சிடாத.” அக்கா அலமாரியைத் திறந்து சின்னக் குண்டானை எடுத்தாள். “நானும் இங்க அடுப்பைப் பத்த வெக்கறேன். ரெண்டு பேருமா பார்ப்போம்.”